குடும்பக் கதையும் நிலத்தின் கதையும்



இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ, அவர் பிள்ளைகளின் கையில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தவர். ஆகவே இந்த ஆண்டு ஒரு குழந்தை எழுத்தாளரைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். அவர் அமெரிக்கர், பெயர் லாரா இங்கல்ஸ் வைல்டர். ஜவ்வாது மலையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் கதைக்கு அடியில் இருப்பது நிலம். அதனால் அது நமக்கும் உரிய கதை.

லாரா 1867இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். 65 வயதில், 1932இல், அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தது. 1943க்குள் எட்டுப் புத்தகங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவை அவருடைய சொந்தக் குடும்பத்தின் கதை. அப்பா சார்லஸ், அம்மா கரோலின், அக்கா மேரி, தங்கை கேரி எல்லோரும் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். ஒரு குடும்பம் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போகிறது. மரத்தை வெட்டித் தன் கையாலேயே வீடு கட்டுகிறது. பனி, பசி, காய்ச்சல் எல்லாவற்றையும் தாங்குகிறது. இரவில் அப்பா பிடில் வாசிக்கிறார். வாசித்தால் நமக்கும் பிடிக்கும். அந்தக் குடும்பத்தின் பாசம் பொய் இல்லை. உழைப்பும் பொய் இல்லை. அந்த வீடு நின்ற மண் யாருடையது என்பதுதான் கேள்வி.

1935இல் வந்த கன்சாஸ் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். இங்கல்ஸ் குடும்பம் 1869 முதல் 1871 வரை அங்கே இருந்தது. அது ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்ட நிலம். அங்கே குடியேற வெள்ளையருக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. 1870 ஆகஸ்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது சார்லஸின் பெயர் பதிவானது. ஆனால் நில மதிப்பை எழுத வேண்டிய கட்டம் காலியாகவே விடப்பட்டது. நிலம் அவருடையது அல்ல என்பது அரசுக்குத் தெரியும், அவருக்கும் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படி நுழைந்தன. குடியேறியவர்கள் ஓசேஜ் மக்களின் குதிரைகளைத் திருடுகிறார்கள், சோளத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்று அரசின் முகவரே மேலிடத்துக்கு எழுதினார். புத்தகத்திலோ பூர்வகுடிகள் வீட்டுக்குள் புகுந்து உணவை எடுத்துக்கொள்பவர்களாக வருகிறார்கள். யார் வீட்டுக்குள் யார் புகுந்தார்கள் என்பதே தலைகீழாகிவிட்டது.

இதில் சமூகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சார்லஸ் இங்கல்ஸ் பணக்காரர் அல்ல, கடன்பட்ட ஏழை. 1868இல் அந்த நிலத்தில் 80 லட்சம் ஏக்கரை ஏக்கர் சுமார் 20 சென்ட் விலைக்கு ஒரு ரயில் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க ஓர் ஒப்பந்தம் தயாரானது. எதிர்ப்பு கிளம்பி அது கைவிடப்பட்டது. பிறகு 1870இல் நிலம் முழுவதும் ஏக்கர் ஒன்றேகால் டாலர் விலையில் குடியேறிகளுக்கு விற்கப்படும் என்று முடிவாயிற்று. ஓசேஜ் மக்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போனார்கள். அங்கே தங்களுக்கான நிலத்தைத் தங்கள் பணத்திலேயே வாங்க வேண்டியிருந்தது. ராணுவம் செய்ய வேண்டிய வேலையை ஏழைகளின் பசி செய்து முடித்தது. ஓர் ஏழைக்கு இன்னொரு ஏழையின் நிலத்தைக் காட்டி ஆசை மூட்டுவது அரசுகளின் பழைய தந்திரம். நம் இயக்கங்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ராணுவம் வந்து குடியேறிகளை விரட்டப்போகிறது என்று கேள்விப்பட்டு அப்பா கோபத்தோடு கிளம்பிவிடுவதாகப் புத்தகம் முடிகிறது. நடந்தது வேறு. அவர்கள் விட்டுவந்த விஸ்கான்சின் பண்ணையை வாங்கியவரால் பணத்தைக் கட்டி முடிக்க முடியவில்லை. அதனால் குடும்பம் அங்கேயே திரும்பியது. கதையில் அரசால் வஞ்சிக்கப்பட்டவர் ஓசேஜ் அல்ல, அப்பா.

சொல்லாமல் விட்டவையும் உண்டு. லாராவுக்கு ஒரு தம்பி இருந்தான். 1876இல் ஒன்பது மாதக் குழந்தையாக இறந்துபோனான். புத்தகங்களில் அவன் இல்லை. அயோவாவின் பர் ஓக் ஊரில் குடும்பமே ஓட்டல் வேலை பார்த்தது, பிறகு கடனை அடைக்க முடியாமல் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போனது. அதுவும் இல்லை. பார்வை இழந்த மேரியின் படிப்புக் கட்டணத்தை டகோட்டா அரசு கட்டியது. அதுவும் இல்லை. யார் உதவியும் இல்லாமல் சொந்தக் காலில் நின்ற குடும்பம் என்ற சித்திரத்துக்கு இவை இடைஞ்சல். புத்தகங்களைச் செப்பனிட்டவர் லாராவின் மகள் ரோஸ். அரசு மக்களுக்கு உதவுவதையே எதிர்த்து எழுதியவர் அவர்.

கன்சாஸில் குடும்பமே மலேரியாவில் படுத்தபோது காப்பாற்றியவர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர். புத்தகத்திலும் வருகிறார். அதே தொடரின் 1941ஆம் ஆண்டுப் புத்தகத்தில், ஊரைச் சிரிக்கவைப்பதற்காக அப்பா முகத்தில் கரி பூசிக் கறுப்பராக வேடம் போடுகிறார். உயிரைக் காத்தவரின் நிறம் கேலிக்கூத்தாகிறது. இது நமக்குப் புதிதா? மருத்துவச்சியாக நம் பாட்டிமார் ஊர்த்தெருவுக்குள் அழைக்கப்பட்டதையும், பிள்ளை பிறந்த பிறகு வாசலோடு நிறுத்தப்பட்டதையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

கன்சாஸ் புத்தகத்தின் முதல் பதிப்பில், அந்தப் பிரதேசத்தில் மக்களே இல்லை, பூர்வகுடிகள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. 17 ஆண்டுகள் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. 1952இல் ஒரு வாசகர் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு ‘மக்கள்’ என்ற சொல் ‘குடியேறிகள்’ என்று மாற்றப்பட்டது. 1998இல் மினசோட்டாவில் ஒரு டகோட்டா இனச் சிறுமி, வகுப்பில் இந்தப் புத்தகத்தை வாசிக்கக் கேட்டு அழுதுகொண்டே வீடு திரும்பினாள். பூர்வகுடி செத்தால்தான் நல்லவன் என்று ஒரு பாத்திரம் பேசும் பேச்சு அதில் வருகிறது. 2018இல் அமெரிக்கக் குழந்தைகள் நூலகச் சங்கம் தன் விருதிலிருந்து லாராவின் பெயரை நீக்கியது.

புத்தகத்தைத் தடை செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு புத்தகம் இருக்க வேண்டும் என்கிறோம். ஒஜிப்வே மரபில் வந்த லூயிஸ் எர்ட்ரிச் 1999இல் ‘தி பெர்ச்பார்க் ஹவுஸ்’ எழுதினார். அதுவும் ஒரு சிறுமியின் கதை, அதிலும் வீடு, குடும்பம், பனிக்காலம் எல்லாம் உண்டு. ஆனால் அந்த வீடு இருப்பது சொந்த மண்ணில்.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் நம் மக்கள் நிலமில்லாமல் ஆக்கப்பட்ட விதத்தை அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்ட போராட்டத்தில்தான் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்கு, தாத்தா உழைத்துச் சம்பாதித்த சொத்து என்ற கதை இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு என்ன கதை இருக்கிறது?

மலையில் இந்தக் கேள்வி இன்னும் நேரடியானது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் வாழும் காடுகளை ‘ஒதுக்குக் காடு’ ஆக்க வழி திறந்தது. காட்டுக்குள் சாமை விதைத்தவர்கள் ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இந்த அநீதியை ஒப்புக்கொண்டது. அதன் விதிகளில் 13ஆவது விதியை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் பதிவு செய்தால் அது சான்று. பழைய கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாம் சான்று. வம்சாவளியும் சான்று. பாட்டி சொல்லும் குடும்பக் கதைக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு மாணவரும் தன் ஊரில் ஒரு மூத்தவரிடம் போய் உட்காருங்கள். எந்தக் கொல்லையில் முதலில் விதைத்தார்கள், எந்த மரத்தடியில் யாரைப் புதைத்தார்கள், எப்போது யார் வந்து தடுத்தார்கள் என்று கேட்டு, பேர், இடம், ஆண்டோடு எழுதுங்கள். ஒரு பிரதி கிராம சபைக்கு, ஒரு பிரதி பிள்ளைகளுக்கு. எழுதும்போது கடனை மறைக்க வேண்டாம். செத்த குழந்தையை மறைக்க வேண்டாம். ஊரைவிட்டு ஓடிய இரவையும் மறைக்க வேண்டாம். நம் வீட்டுக்கு முன்னால் அந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள். லாராவின் புத்தகங்களில் விடுபட்டது அதுதான். நம்முடையதில் விடுபடக் கூடாது.

ஜெய் பீம்.