தூணும் திரையும்



2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 'மகாவதார் நரசிம்மா' என்னும் படம் வெளிவந்ததை நீங்கள் அறிவீர்கள். கார்ட்டூன் என்று நீங்கள் சொல்லும் வகையைச் சேர்ந்தது. சித்திரப் படம் என்று நான் சொல்கிறேன். கணிப்பொறியில் உருவங்களைச் சமைத்து, விநாடிக்கு 24 படங்களாக ஓடவிட்டு, உயிருள்ளவை போல் இயங்கச் செய்கிறார்கள். அசுவின் குமார் இயக்கிய இப்படம் தமிழ் உட்பட ஐந்து மொழிகளில் ஓடியது. இந்தியாவில் எடுத்த சித்திரப் படங்களுள் அதுவரை எதுவும் காணாத வசூலை இது கண்டது. பெயர் பெற்ற நடிகர் ஒருவர் முகமும் அதில் இல்லை. கதையோ பாட்டிமார் சொல்லும் பிரகலாதன் கதை. தூண் பிளக்கும், சிங்கம் தோன்றும், இரணியன் மடிவான் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையைக் காண இத்தனை பேர் போவானேன்?

முதற் காரணம் அக்கதையில் உள்ள முடிச்சு. மனிதராலும் விலங்காலும் சாவு கூடாது. பகலிலும் இரவிலும் கூடாது. வீட்டினுள்ளும் வெளியிலும் கூடாது. படைக்கலத்தாலும் கூடாது என்று இரணியன் வரம் வாங்கிக்கொள்கிறான். எல்லா வாயில்களையும் அடைத்துவிட்டதாக எண்ணுகிறான். நிலைப்படியும் அந்திப்பொழுதும் நகமும் அவன் நினைவுக்கு வரவில்லை. நல்ல வழக்கறிஞன் எழுதிய பத்திரத்திலும் ஓட்டை இருக்கும் என்பார்களே, அதுபோல. இந்த முடிச்சு மிகப் பழையது. நமுசி என்னும் அசுரனை ஈரமும் அல்லாத, உலர்ந்ததும் அல்லாத நுரையால் இந்திரன் கொன்றான் என்று வேத இலக்கியம் கூறும். கடல் கடந்த வேல்சு நாட்டுப் பழங்கதையிலும், வீட்டினுள்ளும் வெளியிலும் கொல்ல முடியாத வீரன் ஒருவன் வருகிறான். பெண் வயிற்றிற் பிறந்த எவனாலும் தனக்கு அழிவில்லை என்று மாக்பெத்து நம்பியதை உங்களிற் பலர் ஆங்கில வகுப்பில் படித்திருப்பீர்கள். 'என்ன ஆகும்' என்னும் ஆவல் அடங்கிய பின்னும் 'எப்படி ஆகும்' என்னும் ஆவல் நிற்கிறது. கதையைத் தேடி அலையும் படமுதலாளிக்கு இதைவிட உறுதியான அடித்தளம் எங்கே கிடைக்கும்?

ஆயினும் அடித்தளம் ஒன்றாயினும் அதன்மேல் எழுப்பும் வீடு ஒன்றன்று. நம் தமிழிலேயே இதைப் பார்க்கலாம். வான்மீகியார் தம் காவியத்தில் இரணியன் கதையை விரித்துப் பாடவில்லை. கம்பர் அதை யுத்த காண்டத்தில் ஒரு தனிப் படலமாகவே வைத்தார். யார் வாயில் வைத்தார்? வீடணன் வாயில், இராவணன் அவையில், போர் தொடங்கும் முன். ஆணவம் கொண்ட அரசன் அழிந்தான், நீயும் அழியாதே என்று தம்பி தமையனை எச்சரிக்கும் கதையாக அது மாறிவிடுகிறது. இராவணன் என்ன சொன்னான் தெரியுமா? தந்தை கொலையுண்டதைக் கண்டு மகிழ்ந்தவன் அல்லவா அந்தப் பிரகலாதன், நீயும் அவனைப் போன்றவனே என்று சீறினான். ஒரே கதை, ஒரே அவை. சொன்னவன் ஒன்று கருதினான், கேட்டவன் வேறொன்று கண்டான். கம்பருடைய கதையமைப்புத் திறனுக்கு இந்த ஓர் இடமே போதும் என்பது என் கருத்து.

பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களைச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தெருக்கூத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. கூத்தில் இரணியன் திரைக்குப் பின்னிருந்தே பாடி ஆடி, பிறகே முகம் காட்டுவான். கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து அவன் வந்து நின்றால் களம் முழுவதும் அவனுடையது. தந்தைக்கும் மகனுக்கும் நடக்கும் வாதம் நீண்டு செல்லும். இடையே கட்டியக்காரன் புகுந்து சிரிக்க வைப்பான். இரவெல்லாம் நடக்கும் கூத்து விடியும் வேளையில் முடியும். புராணம் சொல்வது அந்திச் சந்தி. கூத்திலோ அது வைகறைச் சந்தியாகிவிடுகிறது. பகலுமல்லாத இரவுமல்லாத பொழுது என்பதைக் கண்ணெதிரே வானமே காட்டிவிடும். எந்தக் கணிப்பொறிக்கும் இது கைவராது. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளாவில் நரசிங்க முகமூடிக்குப் பூசையே உண்டு. அதை அணிபவர் நோன்பிருந்து அணிவார்.

நம் அபிஷேகப்பாக்கத்தை ஒட்டிக் கடலூர் மாவட்ட எல்லைக்குள் இருக்கும் சிங்கிரிகுடிக் கோயிலில், பதினாறு கைகளோடு இரணியனை மடியிற் கிடத்தி மார்பைப் பிளக்கும் கோலத்தில் நரசிங்கர் இருக்கிறார். சிற்பிக்கு 24 படங்கள் இல்லை, ஒன்றே ஒன்றுதான். பார்ப்பவன் முன்னும் பின்னும் நடந்ததைத் தன் உள்ளத்தில் ஓட்டிக்கொள்ளவேண்டும்.

புதுவையிற் பிறந்து, இங்கேயே தமிழாசிரியராய்ப் பணியாற்றிய பாரதிதாசன் அக்கதையைத் தலைகீழாகத் திருப்பினார். 1934இல் மேடையேறிய அவருடைய நாடகத்தின் பெயரே 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்'. அதில் இரணியன் சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட தமிழ் வீரன். அவர் கொள்கையை ஒப்புவோரும் உண்டு, மறுப்போரும் உண்டு. நான் காட்ட வருவது வேறு. அவரும் புதுக்கதை ஒன்றைத் தேடிப் போகவில்லை. எல்லாருக்கும் தெரிந்த கதையையே எடுத்தார். தெரிந்த கதையைத் திருப்பினால்தானே திருப்பியது தெரியும்?

இனி, புதிய படம் எந்த வழியிற் செல்கிறது என்று பார்ப்போம். ஓலிகை என்பாள் பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு தீயில் அமரும் காட்சி அதில் இடம்பெறுகிறது. இது வடநாட்டில் ஓலிப் பண்டிகையோடு வழங்கும் கதை. பாகவதத்தில் பிரகலாதனைத் தீயிலிட்டார்கள் என்று உண்டு, ஓலிகை இல்லை. கம்பரிலும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நாட்டார் வழக்கு திரைவழியே நம் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. இறுதிப் போர் கண்ணைப் பறிக்கிறது. தந்தை மகன் வாதத்தில் படம் அவ்வளவு நேரம் நிற்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது. மார்பு பிளந்தபின் பிரகலாதன் என்ன வேண்டினான் என்பதைப் பாகவதத்தில் படித்துப் பாருங்கள். தன் தந்தை தூய்மை பெறவேண்டும் என்று வேண்டினான். இராவணன் வீசிய பழிக்கு விடை அங்கே இருக்கிறது.

தந்தை மகன் என்றதும் சீன நாட்டுப் படம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025இலேயே வெளிவந்த 'நேஜா' இரண்டாம் படம் 200 கோடி டாலருக்கு மேல் ஈட்டி, உலகச் சித்திரப் படங்களுள் வசூலில் முதலிடம் பெற்றது. இந்த நேஜா யார்? குபேரன் மகன் நளகூபரன்! கண்ணன் உரலை இழுத்துச் சென்று சாய்த்த இரட்டை மருதமரங்களுள் ஒன்றாய் நின்றவன். பௌத்த நூல்களோடு அவன் பெயர் சீனம் சென்று, திரிந்து, நேஜா ஆயிற்று என்று மெயிர் சகார் என்னும் ஆராய்ச்சியாளர் 2015இல் வெளியிட்ட நூலில் விளக்குகிறார். 16ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சீனப் புதினத்தில், பெற்றோர் தந்த உடலை அவர்களுக்கே திருப்பித் தருவதாகச் சொல்லி நேஜா தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறான். மறுபிறவி எடுத்தபின் தந்தையைக் கொல்லத் துரத்துகிறான். 2019இல் வந்த முதற் படத்திலோ, மகனுக்கு விதித்த சாவைத் தான் ஏற்க முனைகிறார் தந்தை. அதே தந்தை, அதே மகன். உறவு மட்டும் மாறிவிட்டது. பழைய நூலை அறிந்த சீனப் பிள்ளைக்கே இம்மாற்றத்தின் அளவு புலப்படும்.

எனக்குக் கவலை தருவது இதுதான். படம் கதையைக் கெடுத்துவிடும் என்று நான் அஞ்சவில்லை. கம்பரும் மாற்றினார், கூத்தரும் மாற்றினார். ஆனால் அவர்கள் மாற்றியபோது கேட்டவர்களிடம் பழைய வடிவமும் இருந்தது. ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் பார்த்து, இங்கே ஏன் இப்படி என்று கேட்க இயன்றது. பாகூரில் 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், ஒரு வித்தியாத்தானம் இருந்தது; அதற்கு மூன்று ஊர்கள் தானமாக வழங்கப்பட்ட செய்தியைச் செப்பேடு கூறுகிறது. அத்தகைய மண்ணிற் பிறந்த பிள்ளை, நரசிங்கம் என்றால் திரையில் கண்ட அந்த ஒரு முகத்தைத்தான் அறியும் என்றால், அவனுக்கு எதையும் ஒப்பிட வழியில்லை. கூத்து நடக்கும் இரவில் போய் உட்காருங்கள். பள்ளி நூலகத்தில் கம்பராமாயணம் இருக்கும். யுத்த காண்டத்தில் அந்தப் படலத்தை ஆசிரியர் துணையோடு படியுங்கள். பிறகு படத்தையும் பாருங்கள், நான் தடுக்கவில்லை.

இந்த வரிசையில் அடுத்துப் பரசுராமன் கதையை 2027இல் வெளியிடப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். அங்கேயும் ஒரு தந்தை, ஒரு மகன். தந்தை சொல்லால் மகன் தாயின் தலையையே வெட்டுகிறான். புராணத்தின் நாயகன் பரசுராமன். நம் நாட்டுப்புறத்து மக்களுக்கோ வெட்டுண்ட இரேணுகைதான் தெய்வம். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசைத் தேரோடும் வீதியெல்லாம் ஊர்வலமாய் எடுத்துச் செல்கிறார்கள். திரையில் அந்தக் கோடரி ஓங்கப்படும் கணத்தில், படமெடுப்பவர் மகன் முகத்தைக் காட்டுவாரா, தாய் முகத்தைக் காட்டுவாரா என்று நான் காத்திருக்கிறேன்.