விளக்கெண்ணெயும் விமானமும்



மாதிரி விமானங்களுள் பல இன்று மின்கலத்தின் வலியால் பறக்கின்றன. எனினும், கட்டைவிரல் பருமனே உள்ள பிஸ்டன் ஒன்று சீறி இயங்க, புகையைக் கக்கிக்கொண்டு எழும் விமானத்தில் நெஞ்சைப் பறிகொடுத்தவர்களும் உளர். அவர்களுக்கே இப்பேச்சு.

இந்தச் சிற்றெஞ்சினில் பெட்ரோல் ஊற்றலாகாதா என்று என்னை வினவுவோர் உண்டு. ஊற்றலாம், ஓடாது. 1947-ஆம் ஆண்டில் ரே ஆர்டன் என்னும் அமெரிக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக்கில் மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் மட்டும் அதற்கு மின்சாரம் ஊட்டுகிறோம். பின்னர், மெத்தனால் ஆவி அதன்மேல் படுவதாலும் அழுத்தத்தின் வெப்பத்தாலும் அது தானே தணலாக நிற்கிறது. பெட்ரோலுக்கு அந்த உறவு வாய்க்கவில்லை.

மெத்தனாலுடன் எண்ணெய் கலக்க வேண்டும். மோட்டார் காரில் எண்ணெய்க்கென்று தனி இடம் உண்டு, இங்கே இல்லை. எரிபொருளோடு வரும் எண்ணெயே பிஸ்டனைக் காக்கிறது. சிறுவர்கள் முகத்தைச் சுளித்து விழுங்கும் விளக்கெண்ணெய்தான் அது! மெத்தனாலில் நன்கு கரையும். கடுஞ்சூட்டிலும் உலோகத்தை விட்டு அகலாது. ஐந்தில் ஒரு பங்கு இருத்தல் நலம். வேகத்திற்கென்று நைட்ரோமெத்தேனை நாடுவோர்க்கு ஒன்று சொல்வேன்: கம்பியில் பிணைத்துச் சுற்றும் உலக வேகப் போட்டிகளில் 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய் என்பதே விதி. நைட்ரோ ஒரு துளியும் கிடையாது.

ஊசி வால்வைச் சற்றே மூடினால் எஞ்சின் விரைந்து பாடும், கேட்க இனிமைதான். ஆனால் எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது, சூடோ ஏறுகிறது. நண்பர் ஒருவரின் புத்தம்புதிய எஞ்சின் இவ்வாறே என் கண்ணெதிரில் வானத்தில் இறுகி நின்றது. உச்ச வேகத்தைக் கண்டபின் ஊசியைச் சிறிது திறந்துவிடுவதே என் வழக்கம்.

மெத்தனால் கொடிய நஞ்சு. உட்கொண்டால் கண்பார்வை போகும், உயிரும் போகும். அதன் சுவாலையோ வெயிலில் கண்ணுக்குப் புலப்படாது. கலத்தின்மேல் பெயரெழுதி, இறுக மூடிப் பூட்டி வையுங்கள். திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

பறந்து முடிந்ததும் எரிபொருள் குழாயைக் கழற்றி, உள்ளே எஞ்சியது தீரும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். பின்பு தையல் எந்திர எண்ணெய் சில துளிகளை விட்டு விசிறியைக் கையால் சுழற்றுங்கள். இல்லையேல் ஈரமும், நைட்ரோ எரிந்து விளைந்த அமிலமும் தாங்கு உருளைகளைத் துருவேற்றும்.

நெடுநாள் கிடந்த எஞ்சினில் விளக்கெண்ணெய் பிசினாகி பிஸ்டன் ஒட்டிக்கொள்வதுண்டு. விசிறியைப் பற்றி முறுக்காதீர்கள். சிலிண்டர் தலையை இளஞ்சூட்டில் காய்ச்சுங்கள். நன்றாக ஆறியபின் தீயில்லா இடத்தில் சிறிது மெத்தனால் விட்டு, ஓரிரவு பொறுத்திருங்கள். மறுநாள் விசிறி விரலுக்கு அசைந்து கொடுக்கும்.