குடற்சோதனையும் மனத்துணிவும்



பெருங்குடலைக் குழாய்விட்டுப் பார்க்கவேண்டுமென்று வைத்தியர் சொன்னதும் பலருக்கு உறக்கம் போய்விடுகிறது. வலியைவிட வெட்கமும், ‘புற்றுநோய் என்றுவிட்டால்?’ என்ற ஏக்கமுமே பெரிது.

1969இல் நியூயோர்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வூல்ஃபும் இத்தகைய குழாயின் வழியே கம்பி வளையம் செலுத்தி, வயிற்றைக் கீறாமலே குடலில் முளைத்த தசைக்கட்டியை அகற்றினர். அக்கட்டிகள் எல்லாம் புற்றாவதில்லை. ஆவனவற்றுக்கும் பெரும்பாலும் பத்தாண்டளவு செல்லும். ஆகவே இச்சோதனை நோயைக் காட்டுவது மட்டுமன்று, வருமுன் தடுப்பதுமாகும். மருதமுனை நெசவாளருக்கு இது புதிதன்று: பாவிழை அறுந்தால் தறியை நிறுத்தி அப்போதே பிணைக்கிறீர்கள், சேலை முடியட்டுமென்று விடுவதில்லை.

முதல்நாட் பேதி மருந்துதான் சிரமம், சோதனை அரைமணியளவே. தூக்க மருந்து தருவார்களா, உண்ணும் குளிசைகளை நிறுத்தவேண்டுமா என்று வைத்தியரிடம் முன்னமே கேளுங்கள். வீட்டாரிடம் மறையாது ஒருவரைத் துணைக்கழையுங்கள். சொன்ன பயம் பாதி. மறைத்த பயம் இரட்டி.