கேரட்டும் மழைக்கோட்டும்
(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



பத்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே நாட்டு முன்னேற்றத்தை விட்டுவிட்டு டிவியில் வரும் துப்பறிவாளர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

1985-இல் நம் விடுதியில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. தூர்தர்ஷனில் 'கரம்சந்த்' வரும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பங்கஜ் கபூர் கேரட்டைக் கடித்துக்கொண்டே கொலைகாரனைக் கண்டுபிடிப்பார். உதவியாளர் கிட்டி அசட்டுக் கேள்வி கேட்பார், உடனே திட்டு வாங்குவார். இந்தி நமக்கு எங்கே புரிந்தது? மதுரைக்காரன் ஒருவன் தனக்குத் தெரியும் என்று மொழிபெயர்த்துச் சொன்னான். அவன் சொன்ன கதை வேறு, நடந்த கதை வேறு என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது! அந்த நாளில் மெஸ்ஸில் கேரட் காணாமல் போனதற்கு நானும் ஒரு காரணம். சமையல் மாஸ்டர் மன்னிக்கணும்.

அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று காலம் ஓடிவிட்டது. 2014-இல் என் மனைவிக்குப் புற்றுநோய் என்றார்கள். ஆறு மாதம் சிகிச்சை. ராத்திரியில் அவளுக்குத் தூக்கம் வராது. செய்தி போட்டால் பயம், சீரியல் போட்டால் அழுகை. மகன் 'கொலம்போ' டிவிடிக்கள் வாங்கிக் கொடுத்தான்.

அமெரிக்காவில் லெவின்சன், லிங்க் என்ற இரண்டு நண்பர்கள் படைத்த பாத்திரம். பீட்டர் ஃபாக் நடித்தார். 1971-இல் தொடராக வந்தது. கசங்கின மழைக்கோட்டு, மலிவுச் சுருட்டு, ஓட்டைக் கார். கொலை செய்தது யார் என்று முதலிலேயே காட்டிவிடுவார்கள்! பெரும்பாலும் பெரிய பங்களாக்காரர், படித்தவர். இந்த ஆளா நம்மைப் பிடிக்கப் போகிறான் என்று அலட்சியமாக நினைப்பார். கொலம்போ வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பார். அங்கேதான் சிக்கல்.

1973-இல் வந்த ஒரு கதை. திராட்சை மது தயாரிக்கும் ஒருவர், நிறுவனத்தை விற்கப் பார்த்த தம்பியைக் கட்டிப்போட்டு, மதுக் கிடங்கின் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். தம்பி மூச்சுத் திணறிச் சாகிறான். அந்த நாட்களில் அடித்த வெயிலில் உள்ளே இருந்த மதுவும் கெட்டுப்போகிறது. கொலம்போ அந்தக் கிடங்கிலிருந்தே ஒரு புட்டியை எடுத்து, சொல்லாமல் அவருக்கே விருந்தில் பரிமாற வைக்கிறார். ஒரு வாய் குடித்ததும், சூட்டில் கெட்டுவிட்டது என்று மனுஷன் சத்தம் போடுகிறார். அவர் நாக்கே சாட்சி! கடைசியில் கைதியும் போலீஸ்காரரும் காரில் உட்கார்ந்து ஆளுக்கொரு கிளாஸ் குடிக்கிறார்கள். அடியில்லை, உதையில்லை. கொலம்போ முன்னே மதுவைப் பற்றிப் பொறுமையாகக் கற்றுக்கொண்டதுதான் அவரைக் காப்பாற்றியது. தம்பிகள் இதைக் கவனிக்கணும்.

நம் பேட்ச்சில் போலீஸ் வேலைக்குப் போன நண்பனிடம் இதைச் சொன்னேன். "டேய், செத்தவன் வீட்டுக்குள்ள ஒரு தடவை போய்ப் பாரு. அங்க யாரும் கேரட் கடிக்க மாட்டாங்க" என்றான். நியாயம்தான். இந்தத் தொடர்களில் செத்தவருக்காக யாரும் ரொம்ப நேரம் அழுவதில்லை. அது குறைதான், மறுக்கவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அந்த ஆறு மாதமும் எது எப்படி முடியும் என்று டாக்டருக்கே தெரியாது. அடுத்த ஸ்கேன் வரை பொறுங்கள் என்பார். ராத்திரி அந்த ஒன்றே கால் மணி நேரம் மட்டும் யார் செய்தது, யார் மாட்டுவார் என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படி என்பது மட்டும்தான் பாக்கி. அதுவும் அழுக்குக் கோட்டு போட்ட ஒரு நல்ல மனுஷன் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அவள் பாதியிலேயே தூங்கிவிடுவாள். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுசும் பார்ப்பேன். காலையில் மருந்து கொடுக்கும்போது, "எப்படிங்க மாட்டினான்?" என்று கேட்பாள். சொல்வேன். சில நாள் நானும் தூங்கிப்போய், மதுரைக்காரன் மாதிரி சொந்தமாக ஒரு முடிவு சொல்லியிருக்கிறேன்.

அந்த அம்மாள் இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சொந்தமாகச் சொன்ன விஷயம் இப்போதுதான் அவர்களுக்குத் தெரியும். முறைப்பதைப் பார்த்தால் வீட்டில் விசாரணை இருக்கிறது. செயலாளரும் மணியடித்துவிட்டார்.