வழிநடைப் பாத்தியம்
(பொன்னேரியில் பேசியது)



வயலுக்குப் போகும் வழியை அடைத்து விட்டான் என்று பொன்னேரி முனிசீப் கோர்ட்டுக்கு நடக்கிறவர்கள் நம்மில் உண்டு. "பட்டா என்னுடையது" என்பது ஒரு கட்சி. "பாட்டன் காலந்தொட்டு நடக்கிறோம்" என்பது மறு கட்சி. சட்டம் என்ன சொல்லுகிறதென்று சற்று நிதானமாய்ப் பார்ப்போம்.

1882-ம் வருஷத்து ஈஸ்மெண்டு சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, பிறன் நிலத்தின் வழியே 20 வருஷம் பகிரங்கமாகவும், தடையின்றியும், பாத்தியமாகவும் நடந்து வந்திருந்தால் அவ்வழிக்கு உரிமை ஏற்பட்டு விடுகிறது. இதில் 'பாத்தியமாக' என்ற ஒரு வார்த்தையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். "ஆண்டே, உத்தரவு கொடுங்கள்" என்று கும்பிட்டுக் கேட்டு நடந்தவன் நூறு வருஷம் நடந்தாலும் அது சலுகையே ஒழிய பாத்தியமாகாது. நம் ஜனங்களுக்குக் கற்றுக் கொடுத்த அடக்க ஒடுக்கமெல்லாம் கடைசியில் கோர்ட்டில் எதிரிக்குச் சாட்சியாய் வந்து நிற்பதைப் பார்த்தீர்களா?

இன்னொரு வேடிக்கை. ஈஸ்மெண்டு என்பது ஒருவனுடைய நிலத்தின் பொருட்டு ஏற்படுவது. ஒரு குழி நிலமும் இல்லாதவன் எதைக் காட்டிக் கேட்பான்? பொது வழி என்றோ, ஊர் வழக்கம் என்றோதான் அவன் ருஜுப்படுத்த வேண்டும். ஊர் வழக்கத்துக்குச் சாட்சி யார்? அடைத்தவனுடைய பங்காளிகள்தான்!

1924-ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானத்தின்மேல், பொதுத் தெருவும் கிணறும் எல்லோருக்கும் உண்டென்று சர்க்கார் உத்தரவு போட்டார்கள். பொதுத் தெருவுக்கு அது சரி. பட்டா நிலத்தில் முள்வேலி போட்டால்?

2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்கு அடுத்த நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியிலிருந்த நிலத்துக்காரர்கள் மறித்ததால், ஆதிதிராவிட மக்கள் ஒரு பிணத்தைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். செத்த பிறகுமா ஜாதி என்று கேட்பவர்கள் இதைப் படிக்கட்டும். சென்னை ஹைகோர்ட்டு தானாகவே விசாரணைக்கு எடுத்துக் கொண்டது. அதிகாரிகளோ அவர்களுக்குத் தனிச் சுடுகாட்டுக்கு இடம் ஒதுக்கினார்கள். சர்க்காரே இப்படிப் பிரித்து வைப்பதா என்று ஹைகோர்ட்டு கேட்டது. நாம் கேட்பதும் அதுதான்.

ஆகவே தோழர்களே, கிராமப் புலப்படத்தை வாங்கிப் பாருங்கள். பாதைப் புறம்போக்கு என்று கண்டிருந்தால் அதை அடைக்க எந்தப் பட்டாதாரருக்கும் அதிகாரமில்லை. பொதுவிடத்துக்குத் தாழ்த்தப்பட்டோர் வழக்கமாய்ப் போகும் வழியை மறுப்பது 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். நடந்து வந்த வழியில் பட்டப்பகலில், யாரிடமும் உத்தரவு கேளாமல் நடவுங்கள். வேலி போட்டால் போட்ட தேதியைக் குறித்து வையுங்கள். 15-வது பிரிவின்கீழ் வழக்குப் போட 2 வருஷந்தான் கெடு. சமாதானம் பேசுகிறோம் என்று பெரியதனக்காரர்கள் இழுத்தடிப்பதிலேயே அது ஓடிப் போய்விடும்.