எண்ணெய்ப் பிசுக்கின் மேல் வர்ணம் நிற்காது

(சாகணில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதிரி கூட்டங்களில் ஆன்மிகமோ, ஆரோக்கியமோ, பிள்ளைகளின் மேற்படிப்போதான் தலைப்பாக இருக்கும். இந்தத் தடவை, பழைய காரின் எஞ்சினை வீட்டிலேயே சுத்தம் செய்து, கசிவை அடைத்து, வர்ணம் பூசுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குப் பொருத்தமான தலைப்புதான். 1660-ல் ஃபிரங்கோஜி நரசாளா, ஷாயிஸ்தா கானின் பெரும் படையை ஐம்பது நாட்களுக்கு மேல் தடுத்து நிறுத்திய கோட்டை இந்தச் சாகணில்தான் இருக்கிறது. பிற்பாடு வெங்காய மார்க்கெட்டால் பெயர் பெற்ற ஊர். இன்று பஜாஜ், மகிந்திரா, 2009-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் என்று வண்டித் தொழிற்சாலைகளால் நிறைந்திருக்கிறது. மின்சாரக் கார்களும் இங்கே தயாராகின்றன. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு பழைய ஃபியட்டைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

நான் உதாரணமாக எடுத்துக்கொள்வது பிரீமியர் பத்மினி. நம்மில் பலர் வீட்டில் முதல் கார் அதுவாகத்தான் இருந்திருக்கும். வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் தயாரித்த வண்டி. ஃபியட் 1100 டிலைட் என்று வந்து, பிரெசிடென்ட் ஆகி, 1974 முதல் பத்மினி என்று பெயர் பெற்றது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினிக்கும் 2023 அக்டோபரில் விடை கொடுத்துவிட்டார்கள். ஆனால் சொந்த வண்டியாக இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை உண்டு. 1089 சி.சி., நான்கு சிலிண்டர், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். கம்ப்யூட்டர் கிடையாது. பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். முதலில் பார்ப்பது, பிறகு கழுவுவது, பிறகு கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது, பிறகு அடைப்பது, கடைசியில்தான் வர்ணம். பலரும் நேராக வர்ணத்துக்குப் போய்விடுகிறார்கள். ஸ்நானம் செய்யாமல் விபூதியோ திருமண்ணோ இட்டுக்கொள்வது போன்ற காரியம் அது. பார்க்க லட்சணமாக இருக்கும், உள்ளே அழுக்கு அப்படியே இருக்கும். இங்கே ஆபத்தும் உண்டு. கசியும் எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டினால் புகை வரும். பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரிந்துபோகும். வர்ணம் அந்த அடையாளங்களை மறைத்துவிடும்.

முதலில் பார்ப்பது. கழுவுவதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து வையுங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வயர் எந்த முனையில் என்பதற்கு அதுதான் சாட்சி. பிசுக்கு எங்கே தடிமனாக இருக்கிறது என்றும் கவனியுங்கள். எண்ணெய் கீழே வழியும், வண்டி ஓடும்போது காற்றில் பின்பக்கம் தள்ளப்படும். ஆகவே சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. பெரும்பாலும் மூலம் மேலேயும் முன்பக்கமும் இருக்கும்.

அடுத்தது கழுவுதல். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வளைந்தோ வெடித்தோ போகலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கார்புரேட்டர் வாய், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ இவற்றைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டுங்கள். தடித்த பிசுக்கை மரத்துண்டாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டி எடுத்துவிட்டு, தண்ணீரில் கரையும் டிகிரீஸரைத் தடவி, பிரஷ்ஷால் தேய்த்து, மெதுவாகக் கழுவினால் போதும். சர்வீஸ் ஸ்டேஷனில் இருப்பது போன்ற அழுத்தமான தண்ணீர் பீச்சு தேவையில்லை. அது சீல்களைத் தாண்டி உள்ளே போகும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பெட்ரோலால் கழுவாதீர்கள், அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய், தூரத்திலுள்ள ஒரு பொறியிலும் பற்றிக்கொள்ளும். காஸ்டிக் சோடாவும் வேண்டாம். வொர்க்ஷாப்பில் இரும்பு பிளாக்கை அதில் ஊறவைப்பது உண்டு, ஆனால் அது அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும்.

கழுவிய தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொசைட்டி கார் பார்க்கிங்கில் கழுவி மழைநீர்க் கால்வாயில் விட்டால், அது கடைசியில் ஆற்றுக்குத்தான் போகும். சாகணுக்கு ஒரு பக்கம் பாமா, மறுபக்கம் இந்திராயணி. ஞானேஸ்வர் மகராஜின் சமாதி இருக்கும் ஆளந்தியில், அந்த இந்திராயணி நுரை பொங்கி ஓடுவதை நாமே பார்த்திருக்கிறோம். கீழே தட்டு வைத்துப் பிடியுங்கள், மரத்தூளைக் கொட்டி உறிஞ்ச விடுங்கள். பழைய எஞ்சின் ஆயிலை டப்பாவில் சேர்த்து, சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு.

மூன்றாவது கட்டம்தான் மிக முக்கியம், கசிவைக் கண்டுபிடிப்பது. இதற்கு ஒரு வீட்டு வைத்தியம் இருக்கிறது. எஞ்சினை நன்றாக உலர்த்தி, ஃபேன் பெல்ட் பக்கம் படாமல், இணைப்புகளின் மேல் முகப் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். இருபது நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதான் கசிவு. ஆறு இடத்தில் கசிகிறது என்று நினைத்திருந்தால், பல சமயம் இரண்டே இடம்தான் இருக்கும்.

சீல் வாங்க ஓடுவதற்கு முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் உள்ளிருக்கும் காற்றழுத்தம் வெளியேற ப்ரீதர் என்று ஒரு குழாய் உண்டு. அது அடைத்திருந்தால் அழுத்தம் ஏறி, நல்ல சீலைக்கூடத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். ப்ரீதர் சுத்தமாக இருந்தும், எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். அப்படியானால் எத்தனை சீல் மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

இப்போது அடைப்பது. வீட்டில் செய்யக்கூடியவை டேப்பெட் கவர் கேஸ்கெட், பெட்ரோல் பம்ப் கேஸ்கெட், முன்பக்க டைமிங் கவர் ஆயில் சீல், சம்ப் கேஸ்கெட். சம்ப் வேலைக்கு வண்டியின் கீழே போக வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி ஒருநாளும் கீழே போகாதீர்கள், இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்தாக வேண்டும். க்ராங்க்கின் பின்பக்கக் கசிவுக்குக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே உத்தமம்.

பழைய கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். காய்ந்த நிலையில் வயர் பிரஷ் போட்டுத் தூசி கிளப்பாமல், ஈரப்படுத்தி, மழுங்கிய கத்தியால் மெதுவாக எடுங்கள். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதுவே புதிய கசிவுக்கு வழி. டேப்பெட் கவர் தகரத்தால் ஆனது. வருஷக்கணக்காக யாராவது பலமாக முறுக்கியிருப்பார்கள், போல்ட் துளையைச் சுற்றி அமுங்கியிருக்கும். கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். மரக்கட்டை மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிட்டுத்தான் புது கார்க் போட வேண்டும். கடையில் நாளாகக் கிடந்த கார்க் சுருங்கியிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் அளவுக்கு வந்துவிடும். போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல், எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கார்க் பிதுங்கினால் அதிகம் ஆகிவிட்டது என்று பொருள்.

சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பூசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்கும். அந்தத் துணுக்கு ஆயில் பம்ப் வடிகட்டியை அடைத்தால் எஞ்சினுக்கே ஆபத்து. மெல்லிய கோடு போதும். ஆயில் சீலைப் போடும்போது, அதன் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும், உதட்டில் கிரீஸோ எண்ணெயோ தடவியிருக்க வேண்டும். தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் கசியும்.

பெட்ரோல் குழாய்களையும் இதே கையோடு மாற்றிவிடுங்கள். 2025 முதல் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் விற்பனையாகிறது. அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, ஊறி, வெடித்துவிடும். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமுக்கும் இதே விதி. புனேயில் நானா பேட், சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் பழைய வண்டி சாமான்களுக்குப் பேர்போன இடங்கள். கழற்றிய சாமானைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்து, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி பவுடர் தூவிப் பார்த்து, கசிவில்லை என்று தெரிந்த பிறகே வர்ணம். சாகணில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் அதிகம், வர்ணம் மங்கிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். துருவை வயர் பிரஷ்ஷால் எடுத்து, தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள். பழைய பருத்தி வேஷ்டிக்கு இணையான துணி இதற்குக் கிடையாது, இழை ஒட்டாது. துணி அழுக்காகாமல் வரும்வரை துடைக்க வேண்டும். பிறகு ப்ரைமர், அதன் மேல் சூடு தாங்கும் எஞ்சின் எனாமல், மெல்லிய பூச்சாக மூன்று தடவை. தடித்த ஒரே பூச்சு வழியும், பிறகு உரியும். திறந்த வெளியில், முகமூடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டுக்கு இந்த எனாமல் நிற்காது. பூசாமல் விட்டுவிடலாம். வெறும் அலுமினியமாக வந்த பாகங்களுக்கும் வர்ணம் வேண்டாம்.

பூசக்கூடாத இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, எர்த் பட்டை உட்காரும் இடம். அங்கே வர்ணம் பட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது, காரணம் தெரியாமல் பேட்டரியை மாற்றிக்கொண்டிருப்போம். இரண்டாவது, எஞ்சின் நம்பர். அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், அந்த இடத்தில் வயர் பிரஷ்ஷோ கிரைண்டரோ படவே கூடாது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறதே, அங்கே எஞ்சின் நம்பரைத்தான் முதலில் தேடுவார்கள். 2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணம் 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. பத்மினிகளில் மூத்தவை இப்போது அந்த வயதை எட்டுகின்றன. ஆனால் எஞ்சினோ, பாடியோ மாற்றப்படாமல் அசல் ரூபத்தில் இருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்தால் தினசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான். எதைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தப் பழைய பிளாக்கையும் அதிலுள்ள எண்ணையும் காப்பாற்றுவது நம் பொறுப்பு.

"இத்தனை மெனக்கெடுவானேன் மாமா, ஒரு புது வண்டி வாங்கிவிடலாமே?" என்று இங்கே வரும்போதே ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்விதான். புது வண்டிகள் நல்ல வண்டிகள், நாம்தானே அவற்றை இந்த ஊரில் செய்கிறோம்! ஆனால் அவற்றின் எஞ்சின் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறது. கோளாறு என்றால் கம்ப்யூட்டர்தான் சொல்லும். காரணத்தைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க, இதைவிடச் சுலபமான பாடசாலை எனக்குத் தெரியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போதும். பையனாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பவுடர் தூவும் வேலையை அவர்களிடம் கொடுங்கள், ஈரக்கோட்டை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஆயுத பூஜையன்று எஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவோம். அதற்கு முந்தின வாரம் பானெட்டைத் திறந்து, வேஷ்டித் துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் பொட்டு இடலாம். எண்ணெய் வந்தால், வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.