சிலை வேண்டாம், கலர் வாங்கிக் கொடுங்கள்

வானொலி நிலையத்துக்கு வரும் வழியில் கடற்கரைச் சாலைச் சிலைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். சாந்தோம் பக்கம் வருவதற்குள் கணக்குத் தவறிவிட்டது. பெரியவர்கள் மறைந்தால் சிலை வைப்பது நம் ஊர் வழக்கம். கூஜாவையும் பூச்சாடியையும் வரைந்து பேர் வாங்கிய ஒருவருக்கு என்ன வைப்பது?

கே. எச். ஆராவைச் சொல்கிறேன். 1914இல் செகந்திராபாத் பக்கம் பொலாரத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பம்பாய்க்கு ஓடிப்போய், வீட்டு வேலை செய்தும் கார் துடைத்தும் பிழைத்தார். அவர் கையில் விஷயம் இருப்பதைக் கண்டு தூக்கிவிட்டவர்களில் ஒருவர் விமர்சகர் ரூடி வான் லெய்டன். 1947இல் சூசா, ரசா, உசேனோடு முற்போக்கு ஓவியர் குழுவில் ஆராவும் இருந்தார். 1952இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் வாங்கித் தந்த படத்தின் பெயர் ‘இரண்டு கூஜாக்கள்’.

தனக்குக் கிடைத்த கையை அவர் மறக்கவில்லை. பம்பாய் ஆர்ட்டிஸ்ட்ஸ் சென்டரின் செயலாளராக இருந்து இளம் ஓவியர்களுக்குத் துணை நின்றார். 1985இல் காலமானார்.

இப்படி அசையாப் பொருள்களை வரையும் ஸ்டில் லைஃப் என்றால் முதலாமாண்டுப் பயிற்சி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாடலுக்குக் கூலி கொடுக்க முடியாத பிள்ளைக்கும் வீட்டில் ஒரு செம்பு இருக்கும். ஆனால் கலர்? காட்மியம் சிவப்பு டியூபின் விலையைக் கடையில் கேட்டுப் பாருங்கள். ஆரா பேரைச் சொல்லி யாராவது எழும்பூர் கவின்கலைக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு ஒரு வருடக் கலர்ச் செலவை ஏற்றால், சிலையைவிட அது அவருக்குப் பொருந்தும்.

சாந்தோமில் எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, ஜன்னலோர மேசையில் பித்தளைச் செம்பும் இரண்டு கத்தரிக்காயும் வைத்து வரைந்துகொண்டிருந்தாள். பொருள் நகர்ந்தால் தெரியட்டும் என்று சுற்றிலும் சாக்பீஸ் கோடு. சிவப்பு டியூபைப் பிளேடால் கிழித்து, உள்ளே ஒட்டியிருந்ததைத் தூரிகையால் வழித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காய் சுருங்கிவிட்டது. அம்மா எடுத்துக் குழம்பில் போட்டுவிட்டார். புதிதாக வாங்கிவந்த காய் பழைய கோட்டுக்குள் அடங்கவில்லை. அவள் செம்பை விட்டுவிட்டுக் காயை மட்டும் மறுபடி வரைய உட்கார்ந்தாள்.